வரும்போது உடைக்க ஒரு தேங்காய்

1

வாடகைக்கு எடுத்த வண்டியை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கூட்டித் துடைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். தும்புத்தடியோடு ஏறி முன்னிருக்கைக்குக் கீழே இழுத்தேன். ஒரு பிடி கச்சான் கோது, நிலக்கடலைத் தோல், வந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இவர் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இவர் என்றால் என் கணவர் சிவராசா, உடுப்பிட்டிக்காரர்.

வண்டியைப் பார்வையிட வந்த பெண் சுற்றிச் சுற்றி நடந்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே மூன்று வெள்ளைக் கோடுகளைக் கண்டு நின்றாள். கீறலா, பெயின்ரா என்று கேட்டாள்.

"சாம்பல். சாமியினுடையது. மழைக்குப் போய்விடும்" என்று என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன்.

"போகாவிட்டால்?"

"போகாவிட்டால் அடுத்ததாக எடுப்பவருக்கு நல்லது."

அவள் சிரித்துவிட்டாள். கோடு கோடாகவே இருக்க, கையெழுத்து வைத்து வண்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் நாங்கள் அலையும் நேரத்தில் இவள் கனடாவைச் சுற்றிப் பார்த்த கதை எழுதுகிறாளே என்று பேப்பரைக் கசக்கிவிடாதீர்கள். நாங்கள் உல்லாசப் பயணம் போகவில்லை. ரொறன்ரோவிலிருந்து வன்கூவர்வரை, ஏரிக்கரையிலிருந்து நாட்டின் மேற்குக் கடற்கரைக்கு, ஒரு சண்டையைக் கொண்டு போய் முடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

அந்த வண்டியை இங்கே ஆர்.வி. என்பார்கள். லொறியின் முதுகில் வீட்டை ஏற்றி வைத்த மாதிரி. அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாம் உள்ளேயே. வளவின் கோடியில் கக்கூசு கட்டிய பரம்பரை நாங்கள். குசினியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அதைக் கண்டதும் முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் பசி வந்து என் ஆசாரத்தையெல்லாம் சரிப்படுத்தியது.

வண்டியை ஓடியது நான். கோப்பாயில் கணக்குப் படிப்பித்தவள் இங்கே பள்ளிக்கூட பஸ் ஓடுகிறேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கப்படச் சொல்லித் தந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் நான்தான் ஏற்றி இறக்குகிறேன்.

2

சண்டை இதுதான். மூத்தவள் தர்சினிக்கு வன்கூவரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. கடலைப் பற்றிய படிப்பு. ரொறன்ரோவில் இருப்பது ஏரி; கடல் படிக்கக் கடலிருக்கும் இடத்துக்குத்தானே போகவேண்டும்.

இவருடைய தமையனார் எங்கள் குடும்பத்தில் முதலில் கனடா வந்தவர், எண்பத்துநாலில். அடுத்த வருடம் இவரை எடுப்பித்தவரும் அவரே. நானும் பிள்ளைகளும் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்குக் குளிர்ச்சட்டைகளோடு வந்து நின்றவரும் அவர்தான். நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நன்றி எனக்கு நிறைய இருக்கிறது. அதற்காகப் பிள்ளையின் படிப்பைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைக்க நான் தயாரில்லை.

செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"கடல் படிப்போ? கமக்காரற்றை பிள்ளை மீன் பிடிக்கவோ கனடா வந்தது?"

வயல் செய்கிறவர்கள் கடல் தொழில் செய்கிறவர்களைக் கீழே வைக்கும் பழைய பேச்சு. எனக்கு ஏறிவிட்டது.

"அண்ணை, ஊரிலை தரைப்பாதை பூட்டின நாளிலையிருந்து எங்கடை சனம் கிளாலிக் கடலைக் கடந்துதான் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போய் வருகுது. கடலைக் குறைச்சுக் கதையாதையுங்கோ."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. தம்பியைப் பார்த்தே சொன்னார்:

"குமர்ப்பிள்ளையைத் தனிய அங்கை விட்டிட்டு வந்தியெண்டால், பிறகு என்ரை வீட்டுப் படி மிதிக்க வேண்டாம்."

என்னிடம் சொன்னால் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். இவரோ தமையனுக்கு முன்னால் வாய் திறக்கிற ஆளில்லை. கையைப் பிசைந்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இடத்தைக் காட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாறம் அண்ணை. பார்த்தால் பிள்ளைக்கு ஆசை தீர்ந்திடும்."

மேல்மாடியில் தர்சினி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது கேட்டிருக்கும். சத்தம் நின்று, கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது. அந்தப் பெட்டி மூடும் சத்தத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன். விமானத்தில் போனால் இவர் அண்ணையின் சொல்லோடு ஏறி அதே சொல்லோடு இறங்குவார். தரையால் கொண்டுபோனால் யோசிக்க நேரமிருக்கும். பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கப் போகிறாள் என்பது எங்கள் இடுப்புக்கும் முதுகுக்கும் தெரியட்டும் என்றும் நினைத்தேன்.

வெளிக்கிடுவதற்கு முதல் தமிழ்க் கடைக்குப் போய், குடுமி விட்டு உரித்த முடித்தேங்காய் இரண்டு வாங்கி வந்தேன்.

"ரெண்டு என்னத்துக்கு?" என்றார் இவர்.

"போகேக்கை ஒண்டு, வரேக்கை ஒண்டு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டி வீதியால் ஒருமுறையாவது போனவருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

3

இங்கே பிறந்த பிள்ளைகள் கையிலும் இது கிடைக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் அந்தக் கண்டி வீதியில், காட்டுக்கு நடுவே, முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார். சின்னக் கோயில்தான். அதைக் கடக்கும் எந்த வாகனமும் நிற்கவேண்டும். இறங்கித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறவேண்டும். போகும்போதும் உடைக்கவேண்டும், திரும்பும்போதும் உடைக்கவேண்டும். வெங்காய லொறியும் நிற்கும், கலியாணக் காரும் நிற்கும். நிற்காமல் போன வாகனம் அங்காலே எங்கேயாவது படுத்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நம்பாதவர்களும் கச்சானுக்காக நின்றார்கள்.

எண்பத்தாறில் நான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தனியாக வெளிக்கிட்டேன். இவர் ஒரு வருடம் முன்பே கனடா வந்துவிட்டார். "நிலைமை சரியில்லை, அண்ணை சொல்லும்வரை அசைய வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அண்ணை ரொறன்ரோவிலிருந்து கோப்பாயின் நிலைமையைச் சொல்லும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் பீரங்கிச் செல் விழுந்து கிணற்றுக்கட்டு பறந்த மறுவாரம் நான் மினிபஸ்ஸில் ஏறினேன். தர்சினிக்கு ஒன்பது வயது. சின்னவள் நிரோ மடியில்.

ஆனையிறவில் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். பைகளைக் கொட்டிக் கிளறினார்கள். வெயிலுக்குள் நின்று நின்று, மறுபடி பஸ் எடுக்கும்போது பின்னேரமாகிவிட்டது. ஓட்டுநர் மானிப்பாய்ப் பெடியன். கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னான்:

"இண்டைக்கு முறிகண்டியிலை நிக்கேலாது. இருட்டமுதல் வவுனியாவைத் தாண்டவேணும்."

பஸ் முழுக்க ஒரு முணுமுணுப்பு. அவன் சொல்வது சரியென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவருக்கும் ஏற்கவில்லை. வெங்காயச் சாக்கைக் காலுக்கிடையில் வைத்திருந்த ஒருவர் "பொல்லாத வேலை தம்பி" என்றார். ஒரு மனுசி அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆனையிறவில் என் பிள்ளையின் உள்சட்டையைக்கூடக் கொட்டிப் பார்த்த ஆத்திரம் அப்படியே நெஞ்சில் நின்றது.

"தம்பி, துவக்கைக் காட்டினவனுக்கு நிண்டனீ. பிள்ளையாருக்கு நிக்க மாட்டியோ?" என்று கத்தினேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு வேகத்தைக் குறைத்தான். உண்மையில் அவனுக்கும் நிற்காமல் போகப் பயம்தான். யாராவது ஒருவர் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறான். கோயிலடியில் பஸ் நின்றதும் சனம் இறங்கி ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். தேங்காய்கள் படபடவென்று உடைந்தன. நானும் ஒன்று வாங்கி என் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். தர்சினி சட்டையின் முன்பக்கத்தை ஏந்தி அதில் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நாங்கள் வரேக்கை உடைக்கிறது எப்ப?"

"கெதியிலை" என்றேன்.

அந்தக் கெதி, அந்தச் சீக்கிரம், ஒன்பது வருடமாகியும் வரவில்லை. வீதி பூட்டிக் கிடக்கிறது. பரவாயில்லை. என் பெயரில் அங்கே ஒரு தேங்காய் நிற்கிறது. அதை நான் உடைக்காமல் சாகப்போவதில்லை. பாதையைப் பூட்டியவர்கள் எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் இதை அறிந்துகொள்ளட்டும்.

4

ஒன்ராறியோ மாகாணத்தைக் கடக்கிறது என்பது சும்மா வேலையில்லை. காடும் ஏரியும், ஏரியும் காடும். இவர் பக்கத்தில் வரைபடத்தை விரித்து, விரலால் வீதியைத் தொட்டுக்கொண்டு வந்தார். பின்னால் தர்சினி கையில் புத்தகம். நிரோ காதில் பாட்டுப்பெட்டி. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். இடியப்பம் வேணுமா என்றால் "மேபி" என்கிறாள். இடியப்பத்துக்கு "மேபி" சொல்கிற பிள்ளையை நான் என்ன செய்வது?

வினிபெக் நகரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நாட்டின் கிழக்குமேற்கு நடு இதுதான் என்று வீதியோரம் ஒரு பலகை நிற்கிறது. எங்கள் பயணத்துக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடு. நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

"இதுதான் முறிகண்டி. எல்லாரும் இறங்குங்கோ."

நிரோ இறங்க மறுத்தாள். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்களாம். பார்க்கட்டும் என்றேன். கற்பூரம் வண்டிக்கு முன்னால் காற்றுக்கு நிற்காமல் அணைந்து அணைந்து எரிந்தது. முன்பக்கத்தில் திருநீற்றை மூன்று விரலால் இழுத்தேன். பிறகு தேங்காயைத் தூக்கிக்கொண்டு பார்த்தால், உடைக்கக் கல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தோசைக்கல் மாதிரித் தட்டைத் தரை. சல்லிக்கல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது. கடைசியில் இவர்தான் பலகையின் சீமெந்து அடியைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இதிலை அடி."

அடித்தேன். சரிபாதியாகப் பிளந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் பொலிஸ் கார் வந்து நின்றது. இவர் சட்டைப் பையைத் தடவினார். சீருடை கண்டால் எங்கள் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். கனடா வந்தும் அந்தக் கை மாறவில்லை.

என்ன எறிந்தீர்கள் என்று பொலிஸ்காரர் கேட்டார்.

எனக்கு வாயில் வந்த ஆங்கிலம் இதுதான்: "நாங்கள் கடவுளுக்குத் தேங்காய் உடைக்கிறோம். அவர் யானை. அவர் ரோட்டில் இருப்பவர்." பொலிஸ்காரர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். நிரோ வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அது ஒரு சுங்கம் மாதிரி. தூரப் பயணம் போனால் கட்டவேண்டும்" என்று அவருக்கு விளங்கும்படி சொன்னாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இவளுக்கு யார் இதைச் சொன்னது?

அவர் தலையாட்டினார். பிறகு வேடிக்கையாகக் கேட்டார்: "போக மட்டுமா, வரவுமா?"

நிரோ அக்காவைப் பார்த்தாள். தர்சினிதான் சொன்னாள்.

"இரண்டுக்கும். போகிறவர் கட்டாயம் திரும்பி வந்து உடைக்கவேண்டும்." சொல்லிவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள்.

கோதைப் பொறுக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டுப் பொலிஸ்காரர் போய்விட்டார். பொறுக்கினோம். பாதித் தேங்காய் அன்றிரவுச் சம்பல். ரொறன்ரோவிலிருந்து வறுத்துக்கொண்டு வந்த கச்சானை எடுத்து நீட்டினேன். கேட்காமலே முதல் கை போட்டது நிரோ. ஓடும்போது நானும் உடைத்து உடைத்துத் தின்றேன். நேற்று இருக்கைக்குக் கீழே வந்த கோது அதுதான்.

5

வன்கூவரில் மாணவர் விடுதிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் கடல் மணம். இவர் இறங்கவில்லை. தர்சினியின் பெட்டி பின்கதவடியில் இருந்தது. உள்ளாலேயே போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பெட்டியை இறக்க வேண்டாம். இடத்தைப் பார்த்தாச்சு. அண்ணைக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

தர்சினி விடுதியின் யன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"எண்பத்தாறிலையும் அண்ணை சொல்லும்வரை அசைய வேண்டாமெண்டுதான் எழுதினனீங்கள்" என்றேன். "நான் அண்டைக்கு அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால், இண்டைக்கு உதிலை கையை வைச்சுக்கொண்டு ஆரோடை சண்டை பிடிப்பியள்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருட மணவாழ்க்கையில் அந்தப் பார்வையை நான் கண்டதில்லை. கோபம் இல்லை. அடிபட்ட பார்வை. எனக்கு நெஞ்சு நொந்தது. ஆனால் சொல்லைத் திரும்ப எடுக்க நினைக்கவில்லை. அவருடைய கையைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுப் பெட்டியை நானே இறக்கி இழுத்துக்கொண்டு போனேன். நிரோ தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

விடுதி அலுவலகத்தில் வழக்கமான கூத்து. எங்கள் குடும்பத்தில் நானும் பிள்ளைகளும் சிவராசா; இவர் தன் தகப்பனின் பேரால் கந்தையா. இதை இந்த நாட்டுக் கந்தோர்களுக்கு விளங்கப்படுத்தியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. எங்களைத் தேடி வாசலில் வந்து நின்ற இவரிடம் அலுவலகப் பெண் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "நீங்கள் மிஸ்டர் கந்தையா. இந்த மாணவிக்கு நீங்கள் என்ன உறவு?" என்றாள்.

இவருக்கு ஆங்கிலம் குறைவு. தமையனுக்கு முன்னால் குரலும் குறைவு. அன்று இரண்டும் குறையவில்லை.

"நான்தான் அந்தப் பெயர். அவளுடைய பெயர் நான்தான்" என்றார். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு, அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் என்ற இடத்தில் அவருடைய பேரையே எழுதிக்கொண்டாள்.

அறைக்குள் கட்டிலை இவர்தான் சுவரோடு தள்ளிப் போட்டார். யன்னல் கொளுக்கி சரியா என்று நாலு தரம் ஆட்டிப் பார்த்தார். நான் வண்டிக்குப் போய் மற்றத் தேங்காயைக் கொண்டு வந்து மேசையில் வைத்தேன்.

"அம்மா, இது திரும்பிப் போகேக்கை உங்களுக்கு வேணுமே?"

"நாங்கள் உன்னை விட வந்தனாங்கள். பயணக்காரி நீ. வரேக்கை நீ உடை."

"டிசம்பரிலை நத்தாருக்குத்தானே வருவன். அதுக்குள்ளை பழுதாப்போனால்?"

"பழுதானால் புதுசு வாங்கு. வராமல் மட்டும் இருந்திடாதை."

அவள் தேங்காயை இரண்டு கையாலும் எடுத்துக் காதடியில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். தண்ணீர் இருக்கிறதா என்று எங்கள் ஊரில் பார்ப்பது அப்படித்தான். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

6

திரும்பி வரும்போது வண்டிக்குள் இடம் கூடிப்போயிருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நிரோ பாட்டுப்பெட்டியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். அதை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பலகை தெரிந்ததும், "நிப்பாட்டு" என்றார் இவர்.

நிறுத்தினேன். இறங்கிப் போய்ச் சீமெந்து அடியில் நின்றார். பழக்கத்தில் பின்னால் கையை நீட்டினார், தேங்காயைத் தா என்பதுபோல.

"என்னட்டை இல்லை. திரும்பி வரவேண்டியவளிட்டைக் குடுத்திட்டன்" என்றேன்.

நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெறும் பலகையை மூன்று தரம் சுற்றி வந்தார். கார்களில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை நிரோ வெட்கப்படவில்லை. இறங்கிப் போய்த் தகப்பனுக்குப் பின்னால் தானும் சுற்றினாள்.

நேற்று வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. அண்ணை. அவர் பேசினால் அறைக்கு வெளியிலும் கேட்கும்.

"கூட்டிக்கொண்டு வந்தியோ?"

நான் கையை நீட்டினேன், தாருங்கள், நான் கதைக்கிறேன் என்று. இவர் தரவில்லை.

"இல்லை அண்ணை. விட்டிட்டு வந்தம்."

இவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்கடை படியை மிதிக்கிறதும் விடுகிறதும் நீங்கள் சொல்லுங்கோ, கேக்கிறன். என்ரை பிள்ளை எங்கை படிக்கிறதெண்டு நாங்கள் சொல்லுவம்."

"பெட்டையைத் தூர விட்டவை ஆர் திரும்பக் கண்டது? அவள் வராட்டி என்ன செய்வாய்?"

"வருவாள். வரேக்கை உடைக்கிற தேங்காய் அவளிட்டைக் கிடக்கு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று இவர் என்னைப் பார்த்தார். நான் அந்த மனிதரை நினைத்துக்கொண்டு நின்றேன். எண்பத்துநாலில் அவரும் அதே வீதியால் வந்தவர். அவரும் அங்கே இறங்கி ஒன்றை உடைத்துவிட்டுத்தான் ஏறியிருப்பார். திரும்பும்போது உடைக்கவேண்டியது அவருக்கும் இன்றுவரை அங்கே நிற்கிறது.

கடைசியில் அண்ணையின் குரல் வந்தது. அதட்டல் இறங்கியிருந்தது.

"தேங்காயிலை முடி கிடக்கோ?"

"ஓம் அண்ணை, கிடக்கு."

"அதைப் பிய்க்க வேண்டாமெண்டு பிள்ளைக்குச் சொல்லு. பிய்ச்சால் கண்ணாலை காத்துப் போய்க் கெதியிலை பழுதாப்போம்."